சவுக்கு கை மாறிய கதை: விசிலடிக்க வைத்த படங்களின் வரலாறு

சில படங்களைப் பார்த்துவிட்டு தியேட்டரிலிருந்து வெளியே வருபவர்களின் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே போகும்போது சாதாரணமாகப் போனவர், வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும் விதமே மாறியிருக்கும். வீட்டில் கடன் அப்படியேதான் இருக்கிறது. நாளைக் காலை அதே வேலைக்குத்தான் போயாக வேண்டும். எதுவும் மாறவில்லை. ஆனாலும் உடம்பில் ஏதோ ஒரு புதுத் தெம்பு!

இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? நாயகன் பத்துப் பேரை அடிப்பதாலா? அப்படியென்றால் எல்லாச் சண்டைப் படங்களும் வெள்ளிவிழா கண்டிருக்க வேண்டுமே... எத்தனையோ படங்களில் ஆரம்பம் முதல் கடைசி வரை அடிதடிதான். பார்ப்பவருக்குக் கொட்டாவிதான் வந்தது.

தமிழ் சினிமாவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இதற்கு வேறொரு விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேட சென்னைக்கோ மும்பைக்கோ போகும் முன்பு, வேங்கிக்காலில் இருந்தே தொடங்கலாம்.

கேமரா வருவதற்கு முன்பு

திருவண்ணாமலை நகருக்கு வடக்கே, வேலூர் செல்லும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். 1989இல் வடஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் இருப்பது இங்கேதான். வெளியூர்க்காரர்கள் இந்த மாவட்டத்தைக் கோயிலுக்காகவும் கிரிவலத்துக்காகவும் அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெருக்கூத்து மாவட்டமும்கூட. செய்யாறு பக்கம் இருக்கும் புரிசை கிராமம் கூத்துக்கே பேர்போனது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயர் தமிழ்நாட்டைத் தாண்டியும் தெரிந்த பெயர்.

கூத்தில் முக்கியமான ஒரு பாத்திரம் எப்படி மேடைக்கு வரும் தெரியுமா? நேராக வந்துவிடாது. முதலில் கட்டியங்காரன் வந்து, வரப்போகிறவர் யார் என்று கட்டியம் கூறுவான். பிறகு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாக ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து பாட்டு வரும். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. மிருதங்கத்தின் வேகம் கூடும். கூட்டம் பொறுமை இழக்கும். அப்போதுதான் திரை விலகும்.

கால், கை, முதுகு என்று காட்டிவிட்டு கடைசியில் முகத்தைக் காட்டும் சினிமா ஹீரோ அறிமுகம் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? சினிமா இதைக் கூத்திலிருந்துதான் எடுத்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். முதலில் காக்க வைக்க வேண்டும், பிறகு கொடுக்க வேண்டும் என்ற பாடம் இந்த மண்ணுக்குக் கேமரா வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

இதைவிடப் பெரிய காத்திருப்பும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும்போது, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாட்கள் தொடரும். துகிலுரிதல் நடக்கும் இரவில் பாஞ்சாலி அவமானப்படுகிறாள், கூந்தலை முடிக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அந்த அவமானத்துக்குப் பதில் அன்றைக்கே கிடைக்காது. ஊரே நாள்கணக்கில் காத்திருக்கும். கடைசியில் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் படுத்திருக்கும். பீமன் அவனை வீழ்த்துவான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், பக்கத்தில் இருக்கும் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

ஆக, உற்சாகத்துக்கு முன்னால் ஓர் அவமானம் இருக்கிறது. அவமானத்துக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் சினிமாவின் கதை சுலபமாகப் புரியும்.

முதல் சவுக்கு ஒரு பெண்ணின் கையில்!

1905இல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1931இல் 'காளிதாஸ்' படத்தோடு தமிழ் பேசும்படம் வந்தது. ஆரம்ப காலப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகள். பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு!

இந்தச் சமயத்தில் பம்பாயில் இருந்து ஒரு புயல் கிளம்பியது. 1935இல் வாடியா மூவிடோன் தயாரித்து, ஹோமி வாடியா இயக்கிய 'ஹன்டர்வாலி'. பெயருக்கு அர்த்தமே 'சவுக்குக்காரி' என்பதுதான். நாயகி நாடியாவின் நிஜப் பெயர் மேரி ஆன் எவன்ஸ். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பிறந்தவர், சர்க்கஸில் வேலை செய்தவர். கதையில் அவர் ஓர் இளவரசி. தந்தையைச் சிறைப்பிடித்து நாட்டைச் சூறையாடும் மந்திரியை எதிர்த்து, முகமூடியும் சவுக்குமாக ஏழைகளுக்காகப் போராடுவார். இதை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள், வாடியா சகோதரர்கள் தாங்களே வெளியிட்டார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

தமிழிலும் அதன் எதிரொலி கேட்டது. 1937இல் கே. அமர்நாத் இயக்கத்தில் வந்த 'மின்னல் கொடி'யில் கே.டி. ருக்மணி ஆண் வேடம் பூண்ட கொள்ளைக்காரியாகச் சண்டை போட்டார். இன்றைக்கு 'மாஸ் ஹீரோ' என்றால் மீசை முறுக்கும் ஆண்தான் கண் முன்னால் வருகிறார். ஆனால் இந்த வரலாற்றின் தொடக்கத்தில் சவுக்கு பெண்ணின் கையில் இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

முரசுக்குள் ஒளிந்திருந்த படை

அடுத்த பாய்ச்சல் 1948இல். ஜெமினி எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. சுமார் 30 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்லப்படும் படம். அந்தக் காலத்தில் அது கற்பனைக்கும் எட்டாத தொகை.

இந்தப் படத்தின் முரசு நடனம் இன்றும் பேசப்படுகிறது. வில்லன் சசாங்கனின் (ரஞ்சன்) முன்னால் ராட்சச முரசுகளை வைத்து, அவற்றின் மேல் ஏறி நடனமாடுகிறார்கள். வில்லன் மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடனம் முடிந்ததும் முரசுகளுக்குள் இருந்து வீரர்கள் வெளியே குதிக்கிறார்கள்! அதன் பிறகு நீண்ட கத்திச்சண்டை.

அந்த ஆட்டத்தைச் செட்டுக்காக மட்டும் ரசித்திருந்தால், முடிந்ததும் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கதாநாயகியைக் கட்டாயக் கல்யாணத்தில் தள்ளப் பார்க்கும் அக்கிரமக்காரனுக்கு எதிராக, அத்தனை நேரமும் ஒரு படை முரசுக்குள் காத்திருந்தது. அது தெரிய வரும்போதுதான் சிலிர்க்கிறது. மறுபடியும் அதே சூத்திரம்... காத்திருப்பு, பிறகு திரை விலகல்.

சவுக்கு கை மாறியது

1950களில் எம்.ஜி.ஆர். இந்தச் சூத்திரத்தை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ராபின்ஹூட் பாணியில் 'மர்மயோகி' (1951), நாமக்கல் கவிஞரின் கதையில் கருணாநிதி வசனம் எழுதிய 'மலைக்கள்ளன்' (1954), பிறகு அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' (1958).

'நாடோடி மன்னன்' கதைக்கு 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' என்ற ஆங்கில நாவலின் சாயல் உண்டு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஆங்கிலக் கதையில் அரசனின் இடத்தில் அமர்கிறவன் அரியணையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். தமிழில் அந்த இடத்துக்கு வரும் நாடோடி, ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான்! எம்.ஜி.ஆர். பிக்சர்ஸின் சின்னத்திலேயே ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைப் பிடித்திருந்தார்கள்.

இங்கே திருவண்ணாமலை மறுபடியும் வருகிறது. 1957இல்தான் தி.மு.க. முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் நின்றது. அந்தத் தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து மக்களவைக்குப் போனவர்கள் இரண்டே பேர். நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையில் இரா. தர்மலிங்கம். 'நாடோடி மன்னன்' திரைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சினிமாதான் ஓட்டை வாங்கிக் கொடுத்தது என்று சொல்வது தப்பு. காற்று எந்தப் பக்கம் வீசியதோ, அந்தப் பக்கம் பாய்மரத்தைக் கட்டியது சினிமா என்று சொல்லலாம்.

1965 பொங்கலுக்கு வந்தது 'எங்க வீட்டுப் பிள்ளை'. தெலுங்கில் என்.டி. ராமராவ் நடித்த 'ராமுடு பீமுடு' (1964) படத்தின் தமிழ் வடிவம், இயக்கியவர் சாணக்யா. ராமு ஒரு கோழை. சொத்து முழுவதும் அவனுடையது, ஆனால் அக்காவின் கணவர் (எம்.என். நம்பியார்) சவுக்கால் அடித்து அடித்தே அவனை நடுங்க வைத்திருக்கிறார். பார்ப்பவர்களின் ரத்தம் கொதிக்கும். ஆனால் ராமு திருப்பி அடிக்க மாட்டான். அடி விழ விழ நமக்குத்தான் வலிக்கும்.

பிறகு அவன் இடத்துக்கு அவனைப் போலவே இருக்கும் தைரியசாலி இளங்கோ வருகிறான். நம்பியாரின் கையில் இருந்த சவுக்கு இளங்கோவின் கைக்கு மாறுகிறது. மாடிப்படியில் ஏறி இறங்கி, சவுக்கைச் சொடுக்கிக்கொண்டே டி.எம்.எஸ். குரலில் வாலியின் பாட்டு. கொட்டகையில் விசில் பறந்ததில் ஆச்சரியம் என்ன?

ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். முதல் பாதியில் ராமு அடி வாங்கும் காட்சிகளை வெட்டிவிட்டு, சவுக்குப் பாட்டை மட்டும் ஒருவருக்குக் காட்டினால் அதே சிலிர்ப்பு வருமா? பாட்டு நன்றாக இருக்கிறது என்பார். அவ்வளவுதான். நாயகன் கொடுக்கும் அடியில் பாதி உற்சாகம்தான் இருக்கிறது. மீதிப் பாதி, அதற்கு முன்னால் அவன் வாங்கிய அடியில் இருக்கிறது.

தரை டிக்கெட்டின் பங்கு

அடி வாங்கிவிட்டுத் திருப்பிப் பேச முடியாமல் நிற்பது என்றால் என்ன என்று யாருக்கு நன்றாகத் தெரியும்? டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்த தரை டிக்கெட்காரருக்குத் தெரியும். பகலில் பண்ணையாரிடமும், மேஸ்திரியிடமும், ஆபீஸ் வாசலில் நிற்கும் பியூனிடமும் தலையைக் குனிந்து நின்றவர் அவர். இரவில் அவர் இடத்தில் இளங்கோ நிமிர்ந்து நிற்கிறான். அந்தச் சவுக்கைப் பிடித்திருப்பது திரையில் இருக்கும் ஒரு கை மட்டுமல்ல.

அதோடு, கொட்டகையில் அவர் தனியாக இல்லை. பக்கத்தில் இருப்பவரும் அதே இடத்தில் விசிலடிக்கிறார். தனக்கு மட்டும்தான் இந்தக் கோபம் என்று நினைத்திருந்தவருக்கு, இத்தனை பேருக்கும் அதே கோபம் இருக்கிறது என்று தெரிய வருகிறது. உடம்பில் ஏறும் தெம்புக்கு இதுவும் ஒரு காரணம்.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டுடன் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் போஸ்டராக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. 1977இல் அவரே முதலமைச்சர் ஆனார். அடிபட்டவன் எழுந்து வருவான் என்று திரையில் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, வாழ்க்கையிலும் அதே கதை நடந்தது போல் இருந்தது.

மலையின் பெயரில் இரண்டு படங்கள்

ரஜினிகாந்த் படங்களில் இந்த மலையின் பெயரையே தாங்கியவை இரண்டு. 'அண்ணாமலை' (1992), 'அருணாச்சலம்' (1997). 'அண்ணாமலை'யில் வீட்டை இழந்த பால்காரன், பணக்கார நண்பனுக்கு எதிராக எழுகிறான். பெயருக்கு முன்னால் 'சூப்பர் ஸ்டார்' என்று ஒவ்வொரு எழுத்தாக வரும் அந்த டைட்டில் கார்டும், தேவாவின் இசையும் அறிமுகமானது இந்தப் படத்தில்தான். கட்டியங்காரன் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டான் என்று சொல்லலாம்!

ஆனால் சூத்திரத்தின் உச்சம் 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், பாலகுமாரன் வசனம். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் யாரிடமும் வம்புக்குப் போகாதவன். தம்பிக்கு விழ வேண்டிய அடியைத் தான் ஏற்றுக்கொள்கிறான். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், அவன் வாயே திறக்கவில்லை. அவன் யார் என்று பார்ப்பவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். முரசுக்குள் படை இருப்பது தெரிந்தும் வெளியே வரவில்லையே என்ற தவிப்பு! பிறகு தங்கையின் மேல் கை வைக்கும்போதுதான் முரசு கிழிகிறது. நெடுநேரம் ஒரு சூப்பர் ஸ்டாரை அடிக்கவே விடாமல் வைத்திருந்த துணிச்சல்தான் அந்தப் படத்தின் வெற்றி.

'பாட்ஷா' வெற்றி விழா மேடையில் ரஜினி அன்றைய அரசை விமர்சித்துப் பேசியதும், மேடையில் இருந்த தயாரிப்பாளர் ஆர்.எம். வீரப்பன் அதன் விளைவாக அமைச்சர் பதவியை இழந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கொட்டகைக்குள் பிறந்த சூடு, மறுபடியும் ஒருமுறை கோட்டை வரைக்கும் போனது.

ஜெயித்தால்தானா?

நாயகன் ஜெயித்தே ஆக வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. 1976இல் வந்த ஹாலிவுட் படம் 'ராக்கி'. சில்வஸ்டர் ஸ்டாலோன் எழுதி நடித்தது. கடைசிச் சண்டையில் ராக்கி தோற்கிறான். ஆனால் உலக சாம்பியன் முன்னால் 15 சுற்றுகளும் தாக்குப்பிடித்து நிற்கிறான். பார்த்தவர்கள் ஜெயித்தவர்களைப் போலத்தான் வெளியே வந்தார்கள்.

தமிழிலும் குத்துச்சண்டை புது வாசலைத் திறந்தது. சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) படத்தில் மீன் விற்கும் பெண் கையுறை மாட்டுகிறாள். நடித்த ரித்திகா சிங் நிஜத்திலேயே சண்டை வீராங்கனை. 'மின்னல் கொடி' வந்து கிட்டத்தட்ட 80 வருடம் கழித்து சவுக்கு மறுபடியும் பெண்ணின் கைக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளலாம். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) கொரோனா காலத்தில் தியேட்டருக்கே வராமல் நேராக ஓ.டி.டி.யில் வந்தது. குடித்து, உடம்பு கெட்டு, அவமானப்பட்டு நிற்கும் கபிலன் மறுபடியும் கடற்கரையில் ஓடத் தொடங்கும்போது, வீட்டில் தனியாகப் பார்த்தவர்களுக்கும் சிலிர்த்தது. பக்கத்தில் விசிலடிக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு

சரி, இத்தனை உற்சாகமும் நல்லதுதானா? ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான 'தி இமேஜ் ட்ராப்' நூலில் கசப்பான ஒரு கேள்வியைக் கேட்டார். திரையில் ஏழைகளின் நாயகனாக நின்ற எம்.ஜி.ஆரின் ஆட்சியில், அவருக்கு விசிலடித்த ஏழைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? சுமை அவர்கள் தலையிலும், பலன் வசதியானவர்கள் கையிலும் போனது என்பது அவர் வாதம். மறுபக்கம், 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் வயிறு நிறைந்த பிள்ளைகளை யாரும் மறந்துவிட முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விலை நேரடியானது. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய நடிகரின் படம் வெளியான அன்று, கொண்டாட்டத்தின் நடுவே லாரியில் இருந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் விடியற்காலைச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி நின்றுபோய், முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றானது. திரையில் சவுக்கைப் பிடித்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உயிர் போனது கீழே நின்று ஆடியவருக்கு. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தப் படத்தின் வசூலும் ஆறுதல் ஆகாது.

திரும்ப வீட்டுக்கு...

2004இல் வந்த 'கில்லி' 20 வருடம் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. டி.வி.யில் எத்தனையோ முறை போட்ட படம், அடுத்து என்ன வசனம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அரங்கம் நிறைந்தது. கதையைத் தெரிந்துகொள்ள யாரும் போகவில்லை. பாரதக் கதை தெரியாமலா ஜனங்கள் படுகளம் பார்க்கப் போகிறார்கள்? பலரோடு சேர்ந்து காத்திருந்து, அந்த ஒரு நிமிடத்தில் சேர்ந்து நிமிர்வதற்காகத்தான் போகிறார்கள்.

படுகளம் முடிந்த மறுநாள் துரியோதனன் உருவம் வெறும் மண்தான். மழை வந்தால் கரைந்துவிடும். அந்த மண்ணை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு திரிவதில்லை, அதற்காக உயிரைக் கொடுப்பதும் இல்லை. கூத்து கொடுத்த தெம்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவரவர் நிலத்துக்கும் வேலைக்கும் போகிறார்கள். சினிமா பார்ப்பவர்களும் அதையே செய்யலாம். நிமிர்ந்த நடையோடு தியேட்டரை விட்டு வெளியே வந்தவர், கட்அவுட் மேல் ஏறுவதற்குப் பதிலாக, நியாயமான ஒரு மனுவோடு மறுநாள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கவுண்டரில் அதே நிமிர்வோடு நின்று பேசினால் போதும். சவுக்கு அப்போதுதான் உண்மையாகவே கை மாறியதாக அர்த்தம்.